குளிர்பெட்டிக்கு ஒரு காவல்காரன்

பால், தயிர் விற்கும் நம் கடைகளில் குளிர்பெட்டியின் வெப்பம் 5 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. இதைக் கவனிக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை மாணவர்களே புராஜெக்டாகச் செய்கிறார்கள். அதன் சூட்சுமத்தை நாமும் அறிந்து வைப்பது நலம்.

எல்.எம்.35 என்னும் சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தம் தரும். அதை எண்ணாக மாற்றி, நாம் குறித்த அளவோடு மைக்ரோகன்ட்ரோலர் ஒப்பிடும். ரிலே வழியாகக் கம்ப்ரசரை ஓட்டும், நிறுத்தும்.

ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே அளவை வைத்தால் கம்ப்ரசர் அடிக்கடி நின்று ஓடிப் பழுதாகும். எனவே 4 டிகிரியில் ஓடவும், 2 டிகிரியில் நிற்கவும் இடைவெளி விடவேண்டும்.

நின்ற கம்ப்ரசரில் வாயு அழுத்தம் தணியச் சுமார் 3 நிமிடம் பிடிக்கும். கரண்ட் போய் உடனே வந்தாலும் இந்தக் காத்திருப்பு அவசியம். கருவி வாங்கும்போது இவ்விரு வசதிகளையும் கேட்டு வாங்குவோம். சரக்கையும் முதலையும் காப்போம்.