குரலை வாசித்த விரல்கள்

"சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவனுக்குப் பாட்டு எதுக்குப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக நான் காட்டுவது ஓர் இசைத்தட்டு. ஹெர்பி ஹான்காக் 1978-ல் வெளியிட்ட 'சன்லைட்'.

யார் இவர்? 1940-ல் சிகாகோவில் பிறந்த பியானோ கலைஞர். கல்லூரியில் முதலில் எடுத்த பாடம், அட, நம்ம எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்! பிறகு இசைக்கு மாறினார். 1963-ல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்து ஜாஸ் உலகில் பெயர் பெற்றார். 1973-ல் ஜாஸையும், ஆட வைக்கும் ஃபங்க் தாளத்தையும் கலந்து 'ஹெட் ஹன்டர்ஸ்' என்ற தட்டில் பெரும் வெற்றி கண்டார். ஆனால் 'சன்லைட்'டில் அவரே பாடியபோது, "மெஷின் பாடுது, ஜாஸ் போச்சு" என்று பழைய ரசிகர்கள் பலர் ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த மெஷினின் பெயர் வோகோடர். 1930-களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி, தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக உருவாக்கிய முறை அது. இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பேச்சுக்கும் பயன்பட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. மைக்கில் வரும் பேச்சை பேண்ட்பாஸ் ஃபில்டர்கள் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கமும், சின்தசைசர் ஒலியில் அதே பட்டையைக் கூட்டிக் குறைக்கிறது. ஆக, சொல் வாயிலிருந்து வருகிறது. சுருதி விரலிலிருந்து வருகிறது!

இப்போது சொல்லுங்கள், பாடியது மெஷினா? 'கம் ரன்னிங் டு மீ' பாட்டைக் கேளுங்கள். ஒரே ஆள் பல சுருதிகளில் சேர்ந்து பாடுவது போல இருக்கும். அது பியானோக்காரரின் கை. அந்தப் பாட்டின் துண்டை எடுத்துத்தான் ஜே டில்லா, 2000-ல் வந்த ஸ்லம் வில்லேஜ் தட்டில் ஒரு ராப் பாட்டு அமைத்தார். கடைசிப் பாட்டு 'குட் கொஸ்டின்'. அதில் பேஸ் ஜாகோ பஸ்டோரியஸ், டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். பாட்டே கிடையாது, வாசிப்புதான். பியானோ புயலாக அடிக்கிறது. ஜாஸ் எங்கேயும் போகவில்லை.

நான் சொல்லும் வழி இதுதான்: முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை பேஸை மட்டும். மூன்றாம் தடவை முழுசாக. நாம் படிக்கிற ஃபில்டர் பரீட்சைக்கு மட்டுமல்ல, பாடவும் செய்யும் என்பது காதுக்கே புரிந்துவிடும்.