'இத்தாலியில் ஆஸ்பத்திரி இலவசம்தானே?'

வென்னப்புவையிலிருந்து மாரவில வழியாகச் சிலாபம் வரை, பயணப் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும் இந்த வாசகம் காதில் விழும். கேள்வி போலக் கேட்பார்கள். ஆனால் பதில் எதிர்பார்ப்பதில்லை. "சின்னம்மா இருபது வருஷமா மிலானோவுல இருக்கிறா, ஆஸ்பத்திரிக்கு ஒரு சதமும் கட்டினதில்ல" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மகனின் படிப்புப் பயணத்துக்குக் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியில் முகவர் கட்டணம், வீசா, டிக்கெட், பல்கலைக்கழகத்துக்கு முன்பணம், மூன்று மாத வாடகை, குளிர்ச்சட்டை, கொண்டுபோகும் கருவாடு, மிளகாய்த்தூள் வரை வரிசையாக இருக்கும். காப்புறுதி என்று ஒரு வரி இருக்காது.

எத்தனை தடவை சொன்னாலும் இந்த வதந்தி ஓய்வதாக இல்லை. ஆகவே இம்முறை இலக்கங்களோடு பார்த்துவிடுவோம்.

சின்னம்மா பொய் சொல்லவில்லை. வதந்திக்கு இத்தனை ஆயுள் கிடைத்ததும் அதனால்தான். இத்தாலியின் தேசிய சுகாதார சேவை 1978 டிசம்பரில் நிறைவேறிய 833ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வேலைக்கான சொஜோர்னோ, அதாவது வதிவிட அனுமதி, வைத்திருப்பவரை அந்தச் சேவையில் பதிந்தே ஆக வேண்டும். பதிவுக்குக் கட்டணமும் இல்லை. அவரை நம்பி வாழும் கணவனும் பிள்ளைகளும் சட்டப்படி அங்கே இருந்தால் அதே உரிமை அவர்களுக்கும் உண்டு. சொஜோர்னோ புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்திலும் அந்த உரிமை அறுந்துபோவதில்லை. முதியோரைப் பராமரிக்கவும் வீட்டு வேலைக்கும் இந்தக் கரையிலிருந்து போன பெண்கள் வேலை அனுமதியில் வாழ்ந்தார்கள். அவர்கள் அனுபவம் உண்மை. ஆனால் அது அவர்கள் கையிலிருந்த அனுமதிப் பத்திரத்துக்குரிய உண்மை. வேறு பத்திரத்தோடு போகும் மருமகனுக்கும் வயதான தாய்க்கும் அதே கதவு திறக்காது.

மாணவனைப் பாருங்கள். படிக்கப் போகிறவர் விரும்பினால் பணம் கட்டி அந்தச் சேவையில் சேரலாம். அந்த ஆண்டுக் கட்டணம் நெடுங்காலம் 149.77 யூரோவாக இருந்தது. 2024ஆம் ஆண்டுக்கான இத்தாலிய வரவுசெலவுச் சட்டம் அதை 700 யூரோவாக்கியது. பிள்ளை பார்க்கும் 'ஓ பேர்' இளைஞர்களுக்கு 219.49 யூரோவாக இருந்தது 1,200 ஆனது. வேலை அனுமதியும் குடும்ப உரிமையும் இல்லாத மற்றவர்களுக்கு ஆகக் குறைந்த தொகை 387.34 யூரோவிலிருந்து 2,000க்குத் தாவியது. ஒரு யூரோ 300 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில் 2,000 யூரோ என்பது ஆறு லட்சத்துக்கு மேல். பத்து வருடத்துக்கு முன் போய்வந்தவரின் பேச்சை நம்பிக் கணக்குப் போட்ட வீடு இந்தத் தொகையை எங்கிருந்து புரட்டும்?

இன்னொரு விதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இந்தக் கட்டணம் ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டுக்குரியது. இடையில் சேர்ந்தாலும் கழிவு கிடையாது. மாதக் கணக்கில் பிரித்துக் கட்டவும் முடியாது. ஒக்டோபரில் வகுப்பு தொடங்கும் மாணவர் வந்தவுடன் 700 யூரோ கட்டினால் அது டிசம்பர் 31 வரைதான் செல்லும். ஜனவரியில் மறுபடி 700. நான்கு மாதத்துக்குள் 1,400 யூரோ, நம் பணத்தில் நான்கு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். மனைவியையும் குழந்தையையும் கூட்டிப்போகும் மாணவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 700 யூரோ அவர் ஒருவருக்கு மட்டுமே. குடும்பத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் 2,000 யூரோ வரிசைக்குப் போக வேண்டும்.

இதைவிட மலிவாகத் தனியார் காப்புறுதி கிடைக்கிறது. மாணவர் பலரும் அதையே எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பத்திரத்தை வாசிக்க வேண்டும். மலிவானவற்றில் பல, அவசர நிலைக்கும் ஆஸ்பத்திரியில் தங்குவதற்கும் மட்டும் பணம் கொடுக்கும். குடும்ப வைத்தியர் கிடைக்க மாட்டார். தைரொயிட்டுக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதாமாதம் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு அது போதவே போதாது.

தாயின் நிலை இன்னும் கடினம். 65 வயதைத் தாண்டிய பெற்றோரைக் குடும்ப இணைப்பில் அழைக்கும்போது, 2008 நவம்பர் 5க்குப் பின் வந்தவர்களுக்கு இலவசப் பதிவு இல்லை. எல்லா வருத்தத்துக்கும் ஈடுகொடுக்கும் தனியார் காப்புறுதி வேண்டும், இல்லையேல் பணம் கட்டிப் பொதுச் சேவையில் சேர வேண்டும். அந்தத் திகதிக்கு முன் தாயை அழைத்த அண்டை வீட்டார் "எங்க அம்மாவுக்கு ஒண்டும் கேக்கல்லயே" என்று சொன்னால் அது அவர்களுடைய தாயின் கதை. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள எழுபது வயதுப் பெண்ணுக்குத் தனியார் நிறுவனம் கட்டணத்தை ஏற்றும். ஏற்கெனவே உள்ள வருத்தங்களை விலக்கியும் எழுதும். ஆகவே வருடத்துக்கு 2,000 யூரோ என்று வைத்துக்கொண்டு, அவர் அங்கே இருக்கப்போகும் ஆண்டுகளால் பெருக்குங்கள். அந்த விடையைப் பார்த்த பிறகு அழைப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் கூடிப் பேசட்டும்.

இலவசப் பதிவு உள்ளவருக்கும் செலவு வரும். விசேட வைத்தியரைப் பார்க்க, பரிசோதனை செய்ய 'டிக்கெட்' என்ற பங்குக் கட்டணம் உண்டு. அவசரமில்லாத காரணத்துக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், 'வெள்ளைக் குறியீடு' போட்டு 25 யூரோ வாங்குவார்கள். பல் வைத்தியம் பெரும்பாலும் சொந்தக் காசில்தான். பல்லில் குறையிருந்தால் ஊரிலேயே பார்த்துவிட்டுப் போவது மேல்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: "பணியகத்தில் பதிந்தால் காப்புறுதி இருக்கு, ஆஸ்பத்திரிச் செலவை அது பார்த்துக்கொள்ளும்." உண்மை: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் காப்புறுதி மரணம், அங்கவீனம், நோயோடு நாடு திரும்ப நேர்வது போன்ற இழப்புகளுக்கானது. ரியாத்திலோ குவைத்திலோ வைத்தியரிடம் நீட்டும் அட்டை அது அல்ல. பதிவைக் கட்டாயம் செய்யுங்கள்; ஆனால் சுகாதாரக் காப்புறுதிக்குப் பதிலாக அதை நினைக்காதீர்கள்.

நம்பிக்கை: "கல்ஃபில் எல்லாம் முதலாளி பொறுப்பு." உண்மை: பெரும்பாலும் சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் வடக்கு அமீரகங்களில் 2025 ஜனவரி முதல் தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் முதலாளி காப்புறுதி எடுக்க வேண்டும். அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹம். அதிலும் ஆஸ்பத்திரியில் தங்கினால் 20 சதவீதம் நோயாளியின் பங்கு. சவூதியில் 2024 ஜூலையில் வந்த விதி, நான்கு பேருக்கு மேல் வீட்டுப் பணியாளர் வைத்திருக்கும் முதலாளிகளையே கட்டுப்படுத்துகிறது. புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் ஒருவர், இருவர் வேலை செய்யும் வீடுகளுக்குப் போகும் பெண்கள் வைத்தியச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: "வீசாவுக்கு எடுத்த காப்புறுதியே போதும்." உண்மை: குறுகிய கால ஷெங்கன் வீசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்புறுதி பயணிகளுக்கானது. அந்த வீசாவின் உச்ச எல்லையே 90 நாள். குடியேறப் போகிறவரின் வருடக் கணக்கில் அதற்கு இடமில்லை.

நம்பிக்கை: "லண்டனிலும் இலவசம்." உண்மை: 2024 பெப்ரவரி 6 முதல் சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், மாணவருக்கும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் 776 பவுண். வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுக் காலத்துக்கும் கட்ட வேண்டும். மூன்று வருட வீசாவென்றால் ஒருவருக்கு 3,105 பவுண். சுகாதார, பராமரிப்புப் பணியாளர் வீசாவில் போகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை.

நம்பிக்கை: "பத்திரம் இல்லாதவன் இத்தாலி ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும்." உண்மை: இந்த வதந்தி உயிரை வாங்கக்கூடியது. 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத் தொகுப்பு, 35ஆம் பிரிவில், பத்திரமற்றவருக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை உண்டு என்கிறது. அதற்காகக் கொடுக்கும் 'எஸ்.டி.பி.' குறியீடு ஆறு மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். அவரைப் பற்றி ஆஸ்பத்திரி பொலிஸுக்கு அறிவிப்பதையும் அந்தப் பிரிவு தடுக்கிறது. 2009இல் அந்தத் தடையை நீக்க முயன்றபோது இத்தாலிய வைத்தியர்களே எதிர்த்து நின்றார்கள், முயற்சி கைவிடப்பட்டது. நெஞ்சுவலியோடு அறைக்குள் படுத்துக்கிடப்பவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

நம்பிக்கை: "வருத்தத்தைச் சொன்னால் காப்புறுதி தரமாட்டான், மறைத்துவிடு." உண்மை: மறைத்து எடுத்த தனியார் காப்புறுதி, பணம் கேட்கும் நாளில் செல்லாமல் போகும். கட்டிய காசும் போகும், ஆஸ்பத்திரி பில்லும் தலையில் விழும்.

கொப்பியில் புதிதாக மூன்று வரிகள் எழுதுங்கள்: முதல் வருடத்துக் காப்புறுதி, ஜனவரியில் மறுபடி கட்ட வேண்டிய தொகை, காப்புறுதி கொடுக்காத பல், கண்ணாடி, மருந்துக்குக் கைக்காசு. போகுமுன் 35 வயதைக் கடந்த எல்லோரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்கென்றே இலவச நிலையங்கள் உள்ளன. கிளினிக் கொப்பியை வீட்டு அலுமாரியில் விட்டுப் போகிறவர்கள் அநேகர். அதில் எழுதியுள்ள மருந்துப் பெயர்கள், அளவுகள், ஒவ்வாமைகளை ஒரு தாளில் இத்தாலிய மொழியில் எழுதி வாங்கிக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அதை எழுதிக் கொடுக்கக் கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். படிக்கப் போகும் மாணவரும் குடும்ப இணைப்பில் போகும் தாயும் தொழிலாளர்களுக்கான பணியகப் பயிற்சிக்குப் போவதில்லை. அவர்களுக்கு இவற்றையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் அவர்களில் அநேகர் ஊரில் இத்தாலிய வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே வணக்கம் சொல்லவும் காய்கறிப் பெயர்களைப் பாடமாக்கவும் கற்பிக்கிறார்கள். முதல் மாதத்திலேயே சுகாதாரப் பதிவுப் படிவத்தை மாணவர் கையில் கொடுத்து நிரப்ப வைக்கட்டும். சீனி வருத்தம், ஒவ்வாமை, சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கான சொற்களைச் சொல்லிக் கொடுக்கட்டும். மாதம் முடியுமுன் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியையும் வகுப்புக்கு வரவழைத்து, அந்த ஒரு தாளை ஆசிரியர்களே எழுதிக் கொடுக்கட்டும். பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்புக் கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தானே.