ஒரு மனா மிச்சம் வையுங்கள்

கேள்வி: மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தில், ஜயண்ட் குரோத் போட்டும் என் கிரீச்சர் செத்துப்போகிறது. அந்தக் கார்டை எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. ஒரே பச்சை மனாவுக்கு +3/+3 தரும் கார்டு அது. 1993-இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே இருக்கிறது. அவசரப்படுவது நீங்கள்தான். எதிராளியிடம் சிவப்பு மனா மிச்சம் இருக்கும்போதே உங்கள் 2/2 மீது அதைப் போடுகிறீர்கள். அவர் லைட்னிங் போல்ட் அடிக்கிறார். கடைசியில் போட்டதுதான் முதலில் நடக்கும். 3 டேமேஜில் கிரீச்சர் சாகிறது, குரோத்துக்கு ஆளே இல்லை. அவருக்கு ஒரு கார்டு செலவு, உங்களுக்கு இரண்டு நஷ்டம். அவரை முதலில் அடிக்க விடுங்கள். போல்ட் வந்த பிறகு குரோத் போட்டால் உங்கள் கிரீச்சர் 5/5; அந்த அடி அதை ஒன்றும் செய்யாது. சண்டையில் முந்திக்கொண்டு போடுவது, எதிராளி எல்லா லேண்டையும் டேப் செய்துவிட்ட டர்னில் மட்டும்.

வாராவாரம் பார்த்து மனம் வெறுத்த இன்னொன்று: கையில் காப்பாற்றும் கார்டு இருக்கும், மூன்றாவது டர்னில் மூன்று லேண்டையும் டேப் செய்து புதுக் கிரீச்சரை இறக்குவார்கள். அடுத்த நிமிடம் நல்ல கிரீச்சர் போய்விடும். இரண்டு மனா கிரீச்சரை இறக்கிவிட்டு ஒன்றை மிச்சம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? மலிவான கார்டைச் சேர்ப்பதே அதற்காகத்தானே!

கேள்வி: ரேத் ஆஃப் காட் வந்தால் ஸ்நேக்ஸ்கின் வெயில் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. அது தரும் ஹெக்ஸ்புரூஃப் தடுப்பது எதிராளி குறிவைப்பதை மட்டுமே. ரேத் யாரையும் குறிவைக்காமல் எல்லாக் கிரீச்சரையும் அழிக்கிறது. தமியோஸ் சேஃப்கீப்பிங், அழிக்க முடியாதபடி இன்டிஸ்ட்ரக்டிபிளும் தருவதால், அது காப்பாற்றும்.

கேள்வி: பிளாக் செய்த கிரீச்சரின் நிறத்துக்கு எதிராகப் பாதுகாப்பு தரும் காட்ஸ் வில்லிங் போட்டால், என் அடி நேராக எதிராளிக்குப் போகுமா?

பதில்: போகாது. பிளாக் ஆனது ஆனதுதான். உங்கள் கிரீச்சருக்கு அந்த நிறத்தின் டேமேஜ் படாது, அவ்வளவே. தாண்டிப் போக வேண்டுமானால் பிளாக்குக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வெள்ளை ஆரா ஒட்டியிருக்கும் கிரீச்சருக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதை நீங்களே உதிர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: 40 கார்டு டெக்கில் இப்படிக் காப்பாற்றும் கார்டுகள் எத்தனை?

பதில்: இரண்டு, மிஞ்சினால் மூன்று. காப்பாற்றக் கிரீச்சர் வேண்டாமா?

கேள்வி: என் பதினொரு வயது மகள் தன் எல்ஃப் செத்தால் ஆட்டத்தையே விட்டு எழுந்துவிடுகிறாள். இவளுக்கு இது ஒத்துவராதோ?

பதில்: நன்றாக ஒத்துவரும். இவ்வளவு பாசத்தோடு ஆடுகிற குழந்தையை நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன கணக்கை மறந்து, அவள் டெக்கில் நான்கு ஸ்நேக்ஸ்கின் வெயில் சேருங்கள். ஒன்று அவள் கைக்கு வந்து, ஒரு பச்சை மனாவும் மிச்சம் இருக்கிற டர்னில், அந்த எல்ஃபைக் குறிவைத்து நீங்களே ஒரு போல்ட் அடியுங்கள். அவள் காப்பாற்றட்டும்.