இடியோசை கேட்ட நாய்

'இடியோசை கேட்ட நாகம் போல' என்று நாம் உவமை சொல்வதுண்டு. பாம்புக்குப் புறச்செவி இல்லை என்று விலங்கியல் வகுப்பில் படித்த நாளிலிருந்து அந்த உவமையை நான் சற்று ஐயத்தோடுதான் பார்த்து வருகிறேன். ஆனால், இடியோசை கேட்ட நாய் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாய் இருக்கிறது. பெயர் மணி. அதன் அச்சத்தைக் குறைக்க நாங்கள் செய்த முயற்சியையும், அதற்காக நான் படித்தறிந்த செய்திகளையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பழகிவிடுமா?

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊர். பட்டாசு எங்களுக்குச் சோறு போடும் தொழில். கோயில் பொங்கலுக்கும் வெடி, கல்யாணத்துக்கும் வெடி, இறுதி ஊர்வலத்துக்கும் வெடி. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நாய்க்குச் சத்தம் பழகியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

முதல் ஆண்டு மழைக்காலத்தில் இடி இடித்தபோது மணி தலையைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவுதான். அடுத்த ஆண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, வாசல் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் விடிந்தபின் கண்மாய்க் கரையில் கண்டுபிடித்தோம். முன்னங்கால் நகம் பிய்ந்து இரத்தம் உறைந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "கந்தக பூமியில பொறந்த நாய்க்கு இடியும் வெடியும் பயமாடா? சங்கிலியில கட்டிப் போடு, தானாப் பழகிரும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். அடுத்த இடிக்கு மணி சங்கிலியை இழுத்த இழுப்பில் கழுத்துத் தோல் உரிந்துவிட்டது. அதன் பிறகு வானம் கறுத்தாலே நடுங்கத் தொடங்கியது. செய்தது தவறு என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

அறிவியல் கூறுவது

ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் உயிருக்கு இரண்டில் ஒன்று நேரலாம். ஒலி சிறியதாகவும் தீங்கற்றதாகவும் இருந்தால் அது பழகிப்போகும். அச்சகத்தில் வேலை செய்பவருக்கு இயந்திரச் சத்தம் பழகுவது போல. ஒலி மிகப் பெரியதாக, எப்போது வரும் என்று தெரியாததாக, ஓடித் தப்பவும் வழியற்றதாக இருந்தால் உணர்ச்சி மேலும் கூர்மையாகி, அச்சம் ஆண்டுக்கு ஆண்டு வளரும். மணிக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. கட்டிப் போட்டதால் தப்பும் வழியையும் நாங்களே அடைத்துவிட்டோம்.

நாயின் செவி நம் செவியைப் போன்றதன்று. மனிதன் ஏறத்தாழ 20,000 அதிர்வெண் வரை கேட்கிறான்; நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். இடியோ வெறும் ஒலி மட்டுமன்று. முன்னால் காற்று வீசும், இருள் கவியும், மண்வாசம் எழும், மின்னல் வெட்டும். மின்னலைக் கண்டபின் ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடந்து வர ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். இந்த முன்னடையாளங்கள் ஒவ்வொன்றும் நாயின் மனத்தில் இடியோடு பிணைந்துவிடுகின்றன. அதனால்தான் மணி காற்றுக்கே நடுங்கியது.

இப்பிணைப்பைப் பற்றி எண்ணும்போது ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நினைவுக்கு வருவார். 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் வந்தது. அவருடைய ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் அகப்பட்டுக்கொண்டன. அவற்றை நீந்தவைத்துத்தான் மீட்டனர். அதன்பின் சில நாய்கள் தாம் கற்றிருந்த பாடங்களை மறந்து போயின. தேறி வந்த நாய் ஒன்றின் அறைக்குள் கதவுக்கடியில் சிறிது நீர் கசியச் செய்தபோது அது மீண்டும் நிலைகுலைந்தது. ஒரு பேரச்சம் உடலில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இது சான்று.

அச்சத்தைக் களையும் வழியும் அதே 1924-இல் அச்சில் வந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை எட்டத்திலிருந்து சிறிது சிறிதாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். முடிவில் சிறுவன் முயலைத் தடவி விளையாடினான். அஞ்சும் பொருளை அஞ்சாத அளவில் காட்டி, அதனோடு இன்பமான ஒன்றைச் சேர்ப்பதே இம்முறையின் சாரம்.

நாங்கள் செய்தவை

1. ஒளிவிடம். உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்து, அம்மாவின் பழைய சேலையைப் போட்டோம். மணி எந்நேரமும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். இடி நேரத்தில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டோம். அறைக்குள் சங்கிலி கிடையாது. வெளிக்கதவு மட்டும் தாழிட்டிருக்கும்.

2. பயிற்சி. இடியில்லாத தை, மாசி மாதங்களில் கைபேசியில் இடியோசைப் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்தோம். ஒலி எழுந்தவுடன் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். மணி மகிழ்ச்சியாகத் தின்றால் சில நாள் கழித்து ஒலியைச் சிறிது கூட்டுவோம். தின்ன மறுத்தாலோ, காதை மடக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ உடனே குறைத்துவிடுவோம். இதில் அவசரம் ஆகாது.

3. உண்மையான இடியின்போதும் ஒவ்வோர் இடிக்கும் ஒரு துண்டு ஈரல். நாய் வளர்ப்போர் 1,225 பேரிடம் கேட்டு 2020-இல் வெளியான பெர்ன் பல்கலைக்கழக ஆய்வில், வெடிச்சத்தம் கேட்டவுடன் தின்பண்டமோ விளையாட்டோ தந்தவர்களில் பத்தில் ஏழு பேர் பயன் கண்டதாகக் கூறியிருக்கின்றனர்.

4. ஆறுதல். அஞ்சிய நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது பழைய எண்ணம். அது சரியன்று. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டால் அமைதியாகத் தடவலாம். அதட்டுவதும் அடிப்பதும்தான் கேடு.

5. மருத்துவர். மூட்டுவலி போன்ற உடல்நோவு இருந்தால் ஒலியச்சம் கூடும். ஆகவே வயதான நாய் திடீரென்று அஞ்சத் தொடங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடும் அச்சத்துக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. அவற்றை அவரே தர வேண்டும். மனிதர் போடும் தூக்க மாத்திரையை நாமாகக் கொடுப்பது ஆபத்து.

தீபாவளிக்கு ஒரு வசதி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டித் தமிழகத்தில் அவ்வாண்டு காலை 6 முதல் 7 மணி வரையும், மாலை 7 முதல் 8 மணி வரையும் வெடிக்க நேரம் வகுக்கப்பட்டது. ஊர் முழுவதும் கடிகாரம் பார்த்தா வெடிக்கிறது என்று கேட்கலாம். ஆயினும் சத்தம் மிகும் வேளைக்கு முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்து, வயிற்றுக்குப் போட்டு உள்ளே விட்டுவிடலாம். இடி அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கண்ட பயன்

மணி அச்சமற்ற நாயாக மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் இடியின் ஆழ்ந்த உறுமலைத் தர முடியாது. காற்றையும் மின்னலையும் எந்தப் பதிவும் தராது. தொலைவில் இடித்தால் மணி இப்போது தானே சாக்கில் போய்ப் படுத்து, ஈரலுக்காக என் கையைப் பார்க்கிறது. தலைக்கு மேல் இடித்தால் இன்னமும் நடுங்குகிறது. ஆனால், அந்த மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு ஒருமுறைகூட ஓடிப்போகவில்லை. இடி ஓய்ந்த கால் மணி நேரத்தில் எழுந்து வந்து தண்ணீர் குடிக்கிறது. முன்பெல்லாம் மறுநாள் வரை சோறு தொடாது.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். இடி மின்னல் வேளையில் மருந்து வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. சென்ற ஐப்பசியில் ஒருநாள் அப்படி வேலை நின்று, அம்மா முன்னதாகவே வீட்டுக்கு வந்திருந்தார். நான் கட்டிலடியில் மணிக்கு ஈரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பெருஞ்சத்தம். அம்மா கையிலிருந்த சொளகை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, புகை ஏதும் எழுகிறதா என்று வானத்தைப் பார்த்தார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பெரும் வெடிவிபத்துக்குப் பிறகு எந்தப் பெருஞ்சத்தத்துக்கும் அவர் அப்படித்தான் ஓடுகிறார். அன்று கேட்டது இடிதான். திரும்பி வந்து மணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மணி அவர் மடியில் தலையை வைத்தது.

"இவனுக்கு மட்டுமாடா? எனக்குந்தான் இன்னும் பழகல" என்றார் அம்மா.

இத்தனை ஆண்டுகளில் அம்மாவிடம் நாங்கள் யாரும் 'பழகிரும்' என்று சொன்னதில்லை. சத்தம் கேட்டால் அவரோடு வாசலில் போய் நின்றிருக்கிறோம். நாயிடம் மட்டும் ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்று வெட்கமாக இருக்கிறது. நண்பர்களே! அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் வீட்டு நாய்க்கும் ஒரு சாக்கு விரித்து வையுங்கள். இடி இடிக்கும்போது கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள்.