பனிச்சரிவு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிற் பிறந்தோர்க்கு உறைபனி நூலிற் படித்தறியும் பொருளேயாம். ஆயினும் அதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் 19,600 அடி உயரத்திருந்த காவல்நிலையொன்று பனிச்சரிவிற் புதைந்தது. அதனுள் அகப்பட்ட பதின்மரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தினர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர்.

பனிச்சரிவு உண்டாமாறு யாதெனின் கூறுதும். மாரிக்காலத்துப் பனி பலமுறை பெய்து அடுக்கடுக்காய்ப் படிகின்றது. பனி மெல்லியதாயும் வானம் மிகக் குளிர்ந்தும் இருப்பின், சற்று வெப்பமுள்ள தரையினின்று நீராவி மேலெழுந்து, அடியிலுள்ள மணிகளைப் பருமனாக்கி அவற்றின் பிணைப்பைக் கெடுக்கும். மரக்காணத்து உப்பளங்களிற் குவிந்த கல்லுப்பைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அம்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இத்தகைய நொய்ந்த அடுக்கின்மேல் புதுப்பனியோ காற்றுக் கொணர்ந்த பனியோ பலகைபோற் படிந்துவிடின், ஒருவன் கால்வைப்பதும் போதும். உள்ளே பிளவு நொடியில் நெடுந்தூரம் ஓட, பலகை முழுதும் வழுக்கி வீழும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் இதற்கு இடமாவன. அதனினும் செங்குத்தானவற்றிற் பனி அவ்வப்போதே சிறிது சிறிதாய் உதிர்ந்துவிடும். சமநிலத்தில் நடப்பவனும், மேலே சரிவிருப்பின், அஞ்சத்தக்கவனே.

அபாயத்தின் அறிகுறிகள் சில உள. அண்மையில் அவ்விடத்தே நிகழ்ந்த சரிவு, காலடியிற் பனி அமுங்கியெழும் முழக்கம், அடிவைத்த இடத்தினின்று ஓடும் வெடிப்பு, ஒரே நாளிற் பெய்த மிகுபனி, திடீரென ஏறும் வெப்பம் ஆகியன அவை. இவற்றுள் ஒன்றைக் காணினும் திரும்புதலே அறிவுடைமை.

ஓடிவந்த பனி நின்றவுடன் சுண்ணச்சாந்துபோல் இறுகும். புதைந்தவன் பெரும்பாலும் மூச்சடைத்தே மாள்கிறான். கால்மணி நேரத்துள் எடுக்கப்பட்டோர் பலர் பிழைப்பர். பின்னர் அந்நம்பிக்கை விரைந்து குறையும். ஆதலின் உடன்செல்வோரே உயிர்காப்போர். ஒவ்வொருவரும் இடங்காட்டும் வானொலிக் கருவியும், குத்தித் துழாவும் கோலும், மண்வெட்டியும் கொண்டு செல்லல் இன்றியமையாதது. சியாச்சினில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டது அருமையினும் அருமை. அவரும் பிப்ரவரி 11-ஆம் நாள் உயிர்நீத்தார். பயின்றோர்க்கும் இத்துன்பம் உண்டென்பதற்கு, 2022 அக்டோபர் 4-இல் உத்தரகாண்டத்துத் திரௌபதி கா தண்டா சிகரத்திற் பனிச்சரிவால் மாண்ட மலையேற்றப் பயிற்சியாளர் இருபதின்மருக்கு மேற்பட்டோரே சான்று.

இவ்வியற்கை விதி பனிமலைக்கே உரியதன்று. 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து எழுவரைப் புதைத்தது. அங்கே மேற்பாரத்தை ஏற்றுவது பனி, இங்கே நீர். பிடிப்பிழந்த அடுக்கு வழுக்குதல் இரண்டிற்கும் பொது.

விடுமுறையில் இமயம் காணச் செல்லும் மாணவர் பலர். அவர் அவ்விடத்து வானிலை அறிவிப்பைக் கேட்டறிந்து, வழிகாட்டி திரும்புக என்றவிடத்துத் தயங்காது திரும்புவாராக. சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும்.