கடல்பசு: பசுவும் அல்ல, மீனும் அல்ல

நல்லம்பள்ளிக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் பாலக்கோடு, பென்னாகரம் காட்டு ஓரங்களில் யானையைப் பார்த்துப் பழகிய நம் தர்மபுரிக்காரர்களுக்குக் கடல்பசுவின் உடம்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த உயிர், பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிச் சுற்றிவரும் நம்பிக்கைகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பெயரிலேயே பசு இருக்கிறது, அது மாட்டினம்தான்.

புல் மேய்வதைத் தவிர மாட்டோடு அதற்கு உறவில்லை. நிலத்தில் இன்று அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்ட உறவு என்றாலும் அடையாளங்கள் அழியவில்லை. மாட்டுக்கு மடி பின்னங்கால்களுக்கு இடையில். பெண் யானைக்கு முலைகள் முன்னங்கால்களுக்கு இடையில். கடல்பசுவுக்கும் அப்படித்தான், துடுப்பு ஒவ்வொன்றின் அக்குளிலும் ஒரு முலை. தந்தமும் உண்டு! யானைக்குப் போலவே மேல்தாடையின் வெட்டுப்பல்தான் தந்தமாக நீள்கிறது. ஆண் பருவமடைந்த பிறகு அது சற்றே வெளியே தெரியும். பெண்ணுக்கும் பல் வளரும், ஆனால் பெரும்பாலும் எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். வயது முதிர்ந்த சில பெண்களுக்கு மட்டும் வெளியே வரும்.

நம்பிக்கை: நீரில் வாழ்வதால் அது பெரிய மீன்.

செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூக்குத் துளைகள் முகத்தின் மேற்புறத்தில் இருப்பதால், முதுகையும் மூக்கையும் மட்டும் நீருக்கு மேலே காட்டி மூச்சு வாங்கிவிடும். மூழ்கும்போது துளைகளைத் தோல் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் சிக்கிய கடல்பசு சாவது இதனால்தான். அதற்குக் காயம்கூடப் பட்டிருக்காது; மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும்.

நம்பிக்கை: அவ்வளவு பருத்த உடம்பு, எல்லாம் கொழுப்பு.

கொழுப்பு உண்டுதான். ஆனால் மூன்று மீட்டர் வரை நீண்டு, 400 கிலோ வரை எடை கொள்ளும் இந்த உடம்பில் எனக்குப் பெரிய வியப்பு எலும்பு. விலா எலும்பை அறுத்தால் உள்ளே மஜ்ஜைக் குழியே இராது, முழுக்கக் கெட்டி. காற்று நிறைந்த நுரையீரல் மேலே தூக்கும், கனத்த எலும்பு கீழே இழுக்கும். அதனால்தான் அது அலைக்கழியாமல் கடலடியில் நின்று மேய முடிகிறது. வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். அகன்ற மேலுதட்டில் முரட்டு மயிர்கள். கலங்கல் நீரில் அவற்றால் தடவியே கடற்புல்லைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கித் தின்னும். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ. அது மேய்ந்துபோன இடத்தில் மணலில் நீளமான தடம் கிடக்கும்.

நம்பிக்கை: வட்டமான துடுப்பு வால்தான் அதன் அடையாளம்.

செல்போனில் வரும் பல படங்களில் இருப்பது அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்க நீர்நிலைகளின் மானட்டி. கடல்பசுவின் வால் டால்பினைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். 1493இல் கொலம்பஸ் கடற்கன்னி என்று எழுதிவைத்ததும் மானட்டியைத்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நம்பிக்கை: அதன் கறியும் எண்ணெயும் மருந்து.

மருந்து என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கேடு செய்தது. சினை 13 மாதத்துக்கும் மேல். ஈனுவது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். எழுபது ஆண்டு வாழக்கூடிய உயிர் என்றாலும், இந்த வேகத்தில் பெருகும் இனம் வேட்டையைத் தாங்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடல்பசுவை 1741இல் கண்டறிந்தார்கள். 1768க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையை அறுத்துக் கடல்பசுவைக் காப்பாற்றும் மீனவர்கள் அங்கே பாராட்டும் வெகுமதியும் பெறுகிறார்கள். ராமேஸ்வரத்துக்கோ தொண்டிக்கோ போகும்போது ஆவுளியா எண்ணெய் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். யானையைக் காக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில்தான் கடல்பசுவும் இருக்கிறது.