தன்னம்பிக்கையா? தலைக்கனமா?

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் திடலில் கூட்டம் சேர்ந்துவிடும். செம்பனை மரங்களுக்கு நடுவே அமைந்த அத்திடலில் இரு தோட்டத்துக் குழுக்கள் காற்பந்து ஆடும். பெரியவர்கள் மோட்டார் சைக்கிளில் அமர்ந்தபடியே ஆட்டத்தைப் பார்ப்பர். சிறுவர்கள் கோட்டோரத்தில் நின்று கத்துவர்.

அப்படியோர் ஆட்டத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே எஞ்சியிருக்கிறது. பதினேழு வயது ஆட்டக்காரன் ஒருவன் இருவரைக் கடந்து சென்று, பந்தை வலைக்குள் உதைக்கிறான். உடனே கைகளை விரித்துக்கொண்டு எதிரணியின் ஆதரவாளர்கள் நிற்கும் பக்கம் ஓடுகிறான். விரலை உதட்டின்மீது வைத்து, ‘இனிப் பேசாதீர்கள்’ என்பதுபோல் சைகை காட்டுகிறான். ஒரு பக்கம் விசில் பறக்கிறது. மறுபக்கத்தில், “திமிரப் பாரு அவனுக்கு!” என்று குரல் எழுகிறது.

அடித்த கோல் ஒன்றுதான். காட்டிய சைகையும் ஒன்றுதான். ஒரு சாரார் அதைத் தன்னம்பிக்கை என்கின்றனர். மறுசாரார் தலைக்கனம் என்கின்றனர். அடுத்த வாரம் தங்கள் தோட்டத்துப் பையன் அதே சைகையைக் காட்டினால், இன்று ஏசியவர்களே கைதட்டவும் கூடும். அப்படியானால், தன்னம்பிக்கைக்கும் தலைக்கனத்துக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறது? அது ஆட்டக்காரனிடம் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா?

இக்கேள்வி தோட்டத்துத் திடலோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளிலும் இது பெரும் விவாதமாக இருந்துள்ளது. காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் பிறந்த டிக்கெம்பே முத்தோம்போ 1991 முதல் 2009 வரை அங்கு ஆடினார். எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தட்டி விடுவதில் அவர் வல்லவர். பந்தைத் தட்டியதும் சுட்டுவிரலை இடமும் வலமும் ஆட்டுவார். ‘இந்த வீட்டில் உனக்கு இடமில்லை’ என்பதே அதன் பொருள். சொந்த அணியின் ரசிகர்கள் அந்த விரலுக்காகவே காத்திருந்தனர். எதிரணியினருக்கோ அது எரிச்சலூட்டியது.

முடிவில் என்.பி.ஏ. நிர்வாகம் ஒரு வரம்பை வகுத்தது. எதிராளியின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் அது குற்றம். அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு ஓர் இலவச எறிதல் கிடைக்கும். பார்வையாளர்களை நோக்கி ஆட்டினால் குற்றமில்லை. முத்தோம்போவும் அதன்பிறகு கூட்டத்தை நோக்கியே விரலை ஆட்டினார். விரல் மாறவில்லை, அது நீளும் திசை மட்டுமே மாறியது. சொந்த வெற்றியைக் கொண்டாடுவது வேறு, அடுத்தவரை இழிவுபடுத்துவது வேறு என்பதை அவ்விதி எளிமையாகப் பிரித்துக் காட்டியது.

அதே முத்தோம்போ 1997இல் தம் தாயை இழந்தார். பின்னர்த் தாயின் பெயரால் கின்ஷாசாவில் ஒரு மருத்துவமனையைக் கட்டினார். அது 2007இல் திறக்கப்பட்டது. களத்தில் விரலாட்டியதைக் கண்டு அவரைச் செருக்குடையவர் என்று முடிவு செய்தவர்கள் அவருடைய ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தனர்.

வாய்ப்பேச்சால் உலகையே திரும்பிப் பார்க்கச் செய்த மற்றொருவர் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி. 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அவர் ஜோ பக்னரை எதிர்த்து 15 சுற்றுகள் மோதிப் புள்ளி அடிப்படையில் வென்றார். தம்மைப் போன்ற வீரர் எவருமில்லை என்று தாமே முழங்குவது அவருடைய வழக்கம். அவ்வழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1961இல், பத்தொன்பது வயதில், ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்னும் மல்யுத்த வீரரை அவர் சந்தித்தார். தற்பெருமை பேசியே அரங்குகளை நிரப்பியவர் ஜார்ஜ். அவர் வெல்வதைக் காண வந்தவர்களைக் காட்டிலும், அவர் வாயை யாராவது அடைக்க மாட்டார்களா என்று வந்தவர்களே மிகுதி. புகழ்பவரும் இகழ்பவரும் ஒரே விலை கொடுத்துத்தான் நுழைவுச்சீட்டு வாங்குகின்றனர் என்பதை இளம் அலி அங்கே புரிந்துகொண்டார்.

ஆயினும், அலியின் வாழ்க்கையே அப்பேச்சின் எல்லையையும் காட்டுகிறது. கோலாலம்பூர்ச் சண்டைக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு, 1975 அக்டோபர் முதல் நாள், மணிலாவில் அவர் ஜோ ஃபிரேசியருடன் மோதினார். அலி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவர் ஃபிரேசியர். அத்தகையவரை அலி மனிதக் குரங்கு என்று கேலி செய்தார். கூட்டம் சிரித்தது. சண்டையில் அலி வென்றார். ஃபிரேசியரின் உடற்காயங்கள் ஆறின. அச்சொல் ஏற்படுத்திய காயம் பல்லாண்டுகள் ஆறவில்லை. 2001இல் அலி தம் பேச்சுக்கு வருந்தி மன்னிப்புக் கேட்டார். தம் ஆற்றலைப் பேசியவரை உலகம் ரசித்தது. மற்றொரு மனிதனைத் தாழ்த்திப் பேசியதற்கோ அவரே வருந்த நேர்ந்தது. அன்று சிரித்த கூட்டத்துக்கும் அதில் பங்குண்டு.

மலேசியர்கள் மிக நெருக்கமாக உணர்ந்த எடுத்துக்காட்டு பூப்பந்தாட்டத்தில் உள்ளது. 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் டத்தோ லீ சோங் வெய் முதல் செட்டை வென்றும், 21-15, 10-21, 19-21 என்ற புள்ளிகளில் சீனாவின் லின் டானிடம் தோற்றார். வென்ற லின் டான் களத்தைச் சுற்றி ஓடிக் கொண்டாடினார். இராணுவ பாணியில் கையுயர்த்தி வணக்கம் செலுத்துவதும் அவருடைய பழக்கம். மனமுடைந்திருந்த மலேசிய ரசிகர்கள் பலருக்கு அவை ஆணவமாகவே தோன்றின. ஆனால், லின் டான் சீன இராணுவத்தின் விளையாட்டுக் குழுவில் வளர்ந்தவர். அந்த வணக்கம் அவருடைய பணியின் அடையாளம். தோல்வியின் வலியில் இருப்பவருக்கு எதிராளியின் மகிழ்ச்சிகூட ஏளனமாகத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டு 19ஆம் நாள், ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அவ்விருவரும் மீண்டும் மோதினர். இம்முறை 15-21, 21-11, 22-20 என்று சோங் வெய் வென்றார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தழுவிக்கொண்டனர். தத்தம் சட்டைகளை மாற்றிக்கொண்டனர். ஆண்டுக்கணக்கில் லின் டானை ஏசியவர்களும் அக்காட்சியைக் கண்டு நெகிழ்ந்தனர். ஒரு வீரரின் பண்பை அளக்க, வென்ற நொடியில் அவர் செய்வது மட்டும் போதாது. தோற்றபின் எதிராளியின் கையை எப்படிப் பற்றுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

தற்புகழ்ச்சி எப்போது தகும் என்னும் கேள்விக்குத் தமிழ் இலக்கண நூலொன்றும் விடை தந்துள்ளது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், புலவன் தன்னைத்தான் புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது. ஆனால், நான்கு இடங்களில் அதற்கு இசைவும் தருகிறது. அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் தன்னைப் புகழலாம். புலவனுக்குச் சொன்ன இவ்விதி விளையாட்டாளனுக்கும் பொருந்தும். இந்நான்கில் ஓரிடத்திலேனும் பிறரைப் பழிக்க இசைவு இல்லை என்பது கருதத்தக்கது.

‘தன் ஆற்றலை அறியாதவர் நடுவில்’ என்பது தோட்டப்புற இளைஞர்களுக்குத் தனிப்பொருள் தருவதாகும். சிலாங்கூர்த் தோட்டங்களில் துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளர்கள் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், அவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்தத் தலைமுறை இறங்கி நின்றதற்குக் காரணம் அடக்கம் அன்று, அச்சமே. அடக்கம் வேறு, அடங்கிக் கிடப்பது வேறு. அத்தகைய மண்ணில் பிறந்த பிள்ளை, நகரத்தில் நடைபெறும் ஆட்டக்காரர் தேர்வுக்குச் சென்று, “என்னால் முடியும்” என்று நிமிர்ந்து சொன்னால், அதைத் திமிர் என்று ஒதுக்கிவிடுவது முறையாகாது. கோல் அடித்தவன் கை உயர்த்தி ஓடுவதும் அப்படித்தான்.

எனவே, ஓர் ஆட்டக்காரனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொல்வதற்குமுன் பார்வையாளர் சிலவற்றை எண்ணிப் பார்ப்பது நன்று. அவன் சைகை தன் வெற்றியைச் சொல்கிறதா, எதிராளியின் இழிவைச் சொல்கிறதா? ஆட்டம் முடிந்தபின் அவன் நடந்துகொள்ளும் விதம் எப்படி? அதையே சொந்த அணியின் வீரன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? மூன்றாவது கேள்விக்கு உண்மையாக விடை சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

மீண்டும் அந்தத் திடலுக்கே வரலாம். ஆட்டம் முடிந்து பொழுது சாய்கிறது. தோற்ற தோட்டத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பையனிடம் வருகிறார். ஏசப்போகிறார் என்று எண்ணி அவன் எழுந்து நிற்கிறான்.

“நல்லா அடிச்ச, தம்பி. அந்த மாதிரி கோல இந்தத் திடல்ல பாத்து ரொம்ப நாளாச்சு,” என்கிறார் அவர். பிறகு தோளில் கை வைத்து, “கோல் போட்டா கொண்டாடு. வேணாங்கல. ஆனா, எங்க பக்கம் ஓடி வந்து வாய மூடச் சொல்லாத. உங்க தோட்டத்து ஆளுங்க அந்தப் பக்கம் நிக்கிறாங்க பாரு, அங்க ஓடு. அவங்கதான உனக்காகக் கத்துனாங்க?” என்கிறார்.

பையன் தலையைச் சொறிகிறான். “சரிங்க ஐயா,” என்கிறான். சற்று நேரத்தில், எதிரணியின் கோல் காவலன் தனியே அமர்ந்திருக்கும் இடத்துக்குச் சென்று, தன் தண்ணீர்ப் புட்டியை அவனிடம் நீட்டுகிறான்.